நாயை நாம் கூட்டிப்போகிறோமா, நாய் நம்மைக் கூட்டிப்போகிறதா?

விடிந்தும் விடியாத நேரம். முசிறி பரிசல்துறைப் பக்கம் காவிரிக் காற்று வாங்க வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். கையை வீசிக்கொண்டு தனியே நடப்பவர்கள் ஒரு வகை. கையில் ஒரு கயிறு, மறுமுனையில் ஒரு நாய் என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. தூறல் விழுந்தாலோ, மார்கழிப் பனி கொட்டினாலோ முதல் வகையினரை மறுநாள் காண முடியாது. இரண்டாம் வகையினர் வந்தே தீருவார்கள். வராமல் இருக்க நாய் விடாது.

(சரித்திரப் புத்தகத்தில் வரும் சேரநாட்டுத் துறைமுகம் முசிறி வேறு. இது திருச்சி மாவட்டத்து முசிறி. அக்கரையில் குளித்தலை, இக்கரையில் வாழையும் நெல்லும் கோரைப்பாயும்.)

இந்தப் பக்கத்து வீடுகளில் கடந்த இருபது, முப்பது வருடங்களில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பான். பெண் சென்னையில் இருப்பாள். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார்கள். மீதி நாட்களில் மூன்று கட்டு வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். சில வருடங்கள் கழித்து, இருவரில் ஒருவர் மட்டும். அந்த வீட்டுத் திண்ணையில் இப்போது ஒரு நாய் படுத்திருக்கிறது.

பிள்ளை வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். தெருவில் தானே வந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கும். டாக்டர் பத்து வருடமாக 'தினமும் முக்கால் மணி நேரம் நடங்க' என்று சொல்லியும் கேட்காத சர்க்கரைக்காரர், காலை ஐந்தரைக்கு ஒரு நாய் கட்டிலில் முன்னங்காலைத் தூக்கி வைத்ததும் எழுந்து செருப்பைத் தேடுகிறார்.

இது உடம்புக்கு நல்லதா? அந்தக் கேள்வியை உலகத்தில் நிறையப் பேர் கேட்டு, எண்ணிக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மாத்திரை செய்யாத ஒரு வேலை

1980இல் அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளரும் குழுவினரும், மாரடைப்பு போன்ற இதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கழித்து விசாரித்தார்கள். வீட்டில் ஏதாவது ஒரு பிராணி வளர்த்தவர்கள் 53 பேர். அவர்களில் 3 பேர் இறந்திருந்தார்கள். வளர்க்காதவர்கள் 39 பேர். அவர்களில் 11 பேர் இறந்திருந்தார்கள். சின்னக் கணக்குதான். ஆனால் டாக்டர்களை இந்த விஷயத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இதுதான்.

எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது 2001இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. கேரன் ஆலன் என்பவர் நடத்தியது. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதமே அழகு: 48 பேர், எல்லோரும் பங்குச்சந்தைத் தரகர்கள், எல்லோருக்கும் பிபி! அனைவருக்கும் ஒரே மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும், கூடவே நாயோ பூனையோ வளர்க்கச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரு பிரிவினருக்கும் பிபி குறைந்திருந்தது. அது மாத்திரையின் வேலை. ஆனால் கஷ்டமான கணக்குப் போடச் சொல்லி, கோபமான வாடிக்கையாளரைச் சமாளிக்கச் சொல்லி டென்ஷன் ஏற்றியபோது, பிராணி வளர்த்தவர்களுக்கு பிபி ஏறியது குறைவாக இருந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நன்றாக ஏறியது.

நாயின் கண்ணைப் பார்த்துக் கொஞ்சும்போது மனசு லேசாகிறது என்பார்களே, அதற்கும் ரத்தத்தில், சிறுநீரில் சாட்சி இருக்கிறது. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்ட பிறகு இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கும் அதே ஹார்மோன். மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இதைச் செய்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை.

பிறகு 2017இல் ஸ்வீடன். 40 முதல் 80 வயது வரை உள்ள சுமார் 34 லட்சம் பேரின் பன்னிரண்டு வருடப் பதிவுகளை அலசினார்கள். அங்கே நாய்க்குப் பதிவு கட்டாயம் என்பதால் யார் வீட்டில் நாய் இருக்கிறது என்பது சர்க்கார் ஏட்டிலேயே இருக்கிறது. தனியாக வசிப்பவர்களை எடுத்துக்கொண்டால், நாய் வளர்த்தவர்கள் இறக்கும் ஆபத்து வளர்க்காதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வித்தியாசம் இவ்வளவு இல்லை. தனியாக இருப்பவர்களுக்குத்தான் பெரிய பலன். பரிசல்துறையில் கயிறு பிடித்து நடக்கும் பெரியவரை நினைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

கொஞ்சம் பொறுங்கள்

'சரி, நாளைக்கே ஒரு நாய் வாங்கிவிடுவோம்' என்று கிளம்பவேண்டாம். நடக்கத் தெம்பு இருப்பவர்தானே நாய் வளர்ப்பார்? ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர் நாய் வளர்ப்பதை, நாய் வளர்ப்பதால் ஆரோக்கியம் வந்ததாக நாம் எண்ணிக்கொள்ளலாம். ஸ்வீடன் ஆய்வாளர்களே இதை ஒப்புக்கொள்கிறார்கள். அதே 2017இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களைப் பார்த்தார்கள். பிராணி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் வருமானம், சொந்த வீடு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அமெரிக்க இதய சங்கமும் 2013இல், நாய் வளர்ப்புக்கும் இதய நலனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, இதயத்துக்காக மட்டும் யாரும் பிராணி வாங்கவேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னது.

என்னைக் கேட்டால், பலன் நாயில் இல்லை. நாய் நம்மைச் செய்யவைக்கும் வேலைகளில் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டும். நடக்க வேண்டும். நேரத்துக்குச் சோறு பிசைய வேண்டும். அதற்காகவாவது அடுப்பு பற்றவைத்தால் நாமும் சாப்பிடுவோம். தனியாக இருக்கும் பல பெரியவர்கள் 'ஒருத்திக்காக என்ன சமைக்கிறது' என்று ரெண்டு பிஸ்கட்டோடு ராத்திரியை முடித்துவிடுகிறார்கள். வாசலில் ஒரு ஜீவன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது நடக்காது. தெருவில் நாயோடு நடந்தால் நாலு பேர் 'என்ன பேரு வச்சிருக்கீங்க?' என்று கேட்பார்கள். நாள் முழுக்க வாய் திறக்காதவர் நாலு வார்த்தை பேசுவார்.

பசுமாடும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. முசிறி, தொட்டியம் பக்கத்துக் கிராமங்களில் ஒற்றைக் கறவை மாடு வைத்திருக்கும் பாட்டியைப் பாருங்கள். சாணி அள்ளி, தண்ணி காட்டி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவதற்குள் அவருக்கு வாக்கிங்கும் ஆகிவிடும், ஊர்க்கதையும் ஆகிவிடும். மாட்டை விற்றுவிட்டு மகன் வீட்டு மாடியில் போய் உட்கார்ந்த பிறகு முட்டி வலி அதிகமாகிவிட்டது என்பார். 'செல்லப்பிராணி' என்ற வார்த்தை புதுசு. அந்தப் பிணைப்பு புதுசில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளரோடு போரிட்டு இறந்த எசமானோடு, அந்தக் கள்ளர்களைக் கடித்து நின்ற நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லிலும் வெட்டிய ஊர் நம்முடையது.

'நம்ம வீட்டு நாய்தானே!'

இந்த ஒரு வாக்கியம் உயிரைக் குடித்திருக்கிறது. ரேபிஸ் எனும் வெறிநோயால் உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் அனேகமாக மரணம்தான். ஆனால் நேரத்தில் ஊசி போட்டால் முழுக்கத் தடுத்துவிடலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டுக் காட்டிவிட்டார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இலேயே வந்துவிட்டது. அதன் பிறகும் சாவு நிற்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அலட்சியம்தான்.

தெருநாய் கடித்தால் பதறி ஓடுகிறோம். வீட்டுக்குட்டி விளையாட்டாகப் பல் பதித்தால் மஞ்சள் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். தடுப்பூசி போடாத குட்டி என்றால் இரண்டும் ஒன்றுதான். தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். நாயைப் பத்து நாள் கவனிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதுவரை நம் ஊசி காத்திருக்கக் கூடாது. நகக்கீறலும் கணக்கில் வரும். புண் இருக்கும் இடத்தில் நக்கினாலும் வரும்.

கடித்த உடனே செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபிப்பொடி எதுவும் வேண்டாம். கட்டும் போடவேண்டாம். அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் திரும்பப் போகவேண்டும். தனியார் டாக்டரிடம் போட்டால் இடையில் 14ஆம் நாளும் சேரும். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போடுவார்கள். 'அது தேவையா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.

பெரியவர்கள் பலர் ஊசிக்குப் பயப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 'தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி' என்பது அவர்கள் சின்ன வயசில் கண்ணால் பார்த்தது. அந்தப் பழைய மருந்தை நிறுத்தி இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நாய்க்கு? மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது முதல் வெறிநோய்த் தடுப்பூசி, டாக்டர் சொல்லும் நாளில் பூஸ்டர், அப்புறம் வருடா வருடம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலேயே போடலாம். பெரிய சிகிச்சை என்றால் முசிறிக்காரர்களுக்கு ஒரு வசதி: 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மேற்கே ஒரு பஸ் தூரம்தான். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். அந்த வாரத்தில் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துவார்கள், விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் தலையில் விழும்?

பிள்ளை 'நாய்க்குட்டி வேணும்' என்று மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடிக்கும். குட்டி வந்ததும் இரண்டு வாரம் தலையில் வைத்துக் கொண்டாடும். மூன்றாவது வாரம் அதன் மூத்திரத்தைத் துடைப்பது அம்மா. குளிப்பாட்டுவது, உண்ணி பார்ப்பது, பூச்சி மருந்து கொடுப்பது, பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகமுடியாமல் வீட்டில் தங்குவது எல்லாம் அம்மா. 'செல்லப்பிராணி மனஅழுத்தத்தைக் குறைக்கும்' என்று எழுதுகிறவர்கள், யாருடைய அழுத்தத்தை, யாருக்குக் கூட்டி என்பதையும் எழுதவேண்டும். வாங்குவதற்கு முன்னால் குடும்பத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பது யார்? பெயர் சொல்லி ஒருவர் கை தூக்கவில்லை என்றால் வேண்டாம்.

எந்த நாய் என்பதிலும் தப்பு நடக்கிறது. சித்திரை வெயிலில் 40 டிகிரி கொதிக்கும் திருச்சிச் சீமையில் சைபீரியன் ஹஸ்கி! பனிக்கட்டியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜீவனை ஏசி அறையில் அடைத்து, கரன்ட் போனால் அதோடு நாமும் தவிக்கிறோம். ஒரு செல்போன் விளம்பரத்தைப் பார்த்து ஊரே வாங்கிய பக் நாய்க்கு மூக்கு சப்பை; வெயிலில் மூச்சுவிடவே சிரமப்படும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் இனங்கள் வெயிலைத் தாங்கும். ஆனால் அவை ஓடப் பிறந்தவை. தோப்பு துரவு இருந்தால் சரி, முதல் மாடி வீட்டுக்கு ஆகாது. சாதாரண வீட்டுக்கு, தெருவில் கிடைக்கும் நாட்டு நாய்க்குட்டியே போதும். தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிட்டால் அதைப்போல நோய் நொடி தாங்கும் நாய் வேறு இல்லை.

வயதானவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இழுத்துக்கொண்டு ஓடும் பெரிய நாய் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் நாயோடு நடக்கும்போது விழுந்து எலும்பு முறிவது, 2004க்கும் 2017க்கும் இடையில் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியிருக்கிறது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் விடுங்கள். நாய் பூனையைத் துரத்தினால் கயிறு போகட்டும். இடுப்பு எலும்பு முக்கியம்.

நடக்கும் நேரத்தையும் பாருங்கள். நம் புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைக்கமுடியவில்லை என்றால் அது நாயின் பாதத்துக்கும் சூடுதான். சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். மிஞ்சிய சாம்பார் சாதத்தை அப்படியே போடுகிறவர்கள் அதில் எத்தனை சின்ன வெங்காயம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வெறும் சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி போதும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பூனையும் கிளியும்

நடக்க முடியாதவர்களுக்குப் பூனை நல்ல துணை. நெல் மூட்டை இருக்கும் வீட்டில் அதற்கு வேலையும் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மட்டும் ஒரு கவனம்: பூனையின் கழிவில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையைக் கொண்டுபோய்க் காவிரிக்கு அக்கரையில் விடவேண்டாம். அந்த மண்ணை வேறு யாராவது தினமும் அள்ளிக் கொட்டினால் போதும், ஏனென்றால் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணி தோட்டத்து மண்ணைத் தொட்டால் கையைச் சோப்பால் கழுவட்டும், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும்.

கிளி விஷயம் வேறு. கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'எங்க பாட்டி காலத்திலேயே வளர்த்தோம்' என்பது செல்லாது. லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் படுத்தால்?

தனியாக இருக்கும் பெரியவர்களிடம் யாரும் கேட்காத கேள்வி இது. நெஞ்சு வலிக்கிறது, திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பலர் தயங்குவதற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல. 'அதுக்கு யார் சோறு வைப்பா?' என்று நாயைக் காட்டுகிறார்கள். மகன் 'சென்னைக்கு வந்துடுங்கப்பா' என்று கூப்பிடும்போதும் இதே தயக்கம். ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் முதல் வகுப்பு கூபே முழுவதையும் எடுக்கவேண்டும், இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கும் பெட்டியில் போடவேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அப்பாவின் மாத்திரை அட்டை, இன்ஷூரன்ஸ் கார்டோடு இதையும் முடிவு செய்து வையுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது ஒருவர் நாய்க்குச் சோறு வைக்கச் சம்மதித்திருக்கிறாரா? சாவி அவரிடம் இருக்கிறதா? நாய்க்கு அவரைத் தெரியுமா? நல்ல நாளிலேயே வாரம் ஒரு வேளை அவர் கையால் சாப்பிடப் பழக்குங்கள்.

நாய்க்கு ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம், மிஞ்சிப்போனால் பதினைந்து. எழுபது வயதில் குட்டி வாங்கினால் யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் வயதானவர்களுக்குக் குட்டியைவிட மூன்று, நாலு வயதான, குணம் தெரிந்த நாய் மேல். குட்டியின் கூத்தும் மிச்சம்.

நாய் முந்திக்கொண்டால், அந்த வீட்டுக்குப் போய் 'ஒரு நாய்க்கா இவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். மனைவி போனபோது ஊரே வந்து உட்கார்ந்தது. நாய் போனால் யாரும் வருவதில்லை. காலை ஐந்தரைக்கு எழுப்ப ஆள் இல்லை, நடை நின்றுபோகிறது, அடுப்பு மறுபடி அணைகிறது, ஒரு மாதத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. அந்த மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் அவர் வாசலில் நின்று, 'சார், பரிசல்துறை வரைக்கும் போய்ட்டு வருவோமா?' என்று கூப்பிடலாம்.